மாடியில் மாமா வாசித்துக்கொண்டிருந்தார்

அம்மாவின் தம்பி எங்கள் வீட்டு மாடி அறையில்தான் இருந்தார். சேலையூரில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை. படிக்கட்டு வீட்டுக்கு வெளியே, கிணற்றுப் பக்கம். கல்யாண வரவேற்புகளில் மெல்லிசைக் குழுவோடு கிட்டார் வாசிப்பார். மற்ற நாட்களில் அந்த அறையில் உட்கார்ந்துகொண்டு ஒரே துணுக்கைத் திரும்பத் திரும்ப வாசிப்பார். அது கைக்கு வரும்வரை அடுத்ததற்குப் போகமாட்டார். பள்ளிக்கூடம் கிளம்பும்போது கேட்ட அதே துணுக்கு, சாயங்காலம் நான் திரும்பி வரும்போதும் என்னை வரவேற்கும். தெருவுக்கே அது பழகிவிட்டது. கீரை விற்கிற அம்மாள்கூட அதை முணுமுணுத்துக்கொண்டு போவாள்.

கப்பலில் வேலை பார்த்த சிநேகிதர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து மாமாவுக்கு ஒரு பெடல் கொண்டுவந்து கொடுத்தார். சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரியது. காலால் மிதிக்க ஒரு பட்டை, ஒரு சிவப்பு விளக்கு. கிட்டாருக்கும், ஆம்ப் என்கிற ஒலிபெருக்கிப் பெட்டிக்கும் நடுவில் அதை மாட்டவேண்டும். வாசித்ததைச் சற்றுத் தாமதித்து எதிரொலி மாதிரித் திருப்பிச் சொல்லும். அதோடு நின்றிருந்தால் எனக்குப் பயமே வந்திருக்காது. ஒரு குமிழைக் கடைசிவரை திருகிவிட்டு மிதித்தால், ஒரு மூச்சு நேரம் வாசித்ததை அப்படியே பிடித்துவைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வாசிக்கும். அதன்மேல் மாமா வேறொன்றை வாசிப்பார். ஒரே ஆள் இரண்டு பேராகிவிடுவார்.

முதல்முறை எனக்குக் காட்டியபோது, மிதித்துவிட்டு இரண்டு கைகளையும் மேலே தூக்கினார். கிட்டார் தன்பாட்டுக்கு ஒலித்துக்கொண்டிருந்தது. நான் தந்தியைத் தொட்டுப் பார்த்தேன். அசையவில்லை. விரல் வழுக்கும்போது தந்தியில் எழும் சின்னக் கீச்சொலிகூட ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் வந்தது. எனக்குப் பத்து வயது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

"கரண்ட் போனா நின்னுடுமா மாமா?"

"ஆம்ப் நின்னுடும். இதுக்குள்ள பேட்டரி கீது பாப்பா. இது மறக்காது."

அந்த 'மறக்காது' எனக்குப் பிடிக்கவில்லை. அம்மாவுக்கும் அந்தப் பெடலைக் கண்டாலே ஆகாது என்றுதான் நினைத்திருந்தேன்.

அப்பா ரயில்வேயில் இருந்தார். மேடையில் வாசிப்பதெல்லாம் அவர் கணக்கில் வேலையே இல்லை. பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் மாமாவுக்குக் குமாஸ்தா வேலைக்குச் சொல்லிவைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கம்பெனி மேனேஜர் வீட்டுக்கு வந்து ஆளைப் பார்ப்பார். மறுநாளே வேலையில் சேரவேண்டும். அதன்பிறகு வீட்டில் கிட்டார் சத்தம் கேட்கக்கூடாது. மாமாவையோ பம்பாயில் ஒரு ஓட்டலின் இசைக்குழு கூப்பிட்டிருந்தது. "போனா அப்டியே போயிடணும். திரும்பி இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது" என்று அப்பா தீர்த்துச் சொல்லிவிட்டார். மாமா எழுந்து மாடிக்குப் போய்விட்டார். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தாய் தகப்பன் இல்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள், ஒரு வார்த்தை பேசக்கூடாதா என்று எனக்கு அவள்மேல் கோபம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்து எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட்டோம். மாமா மாடிக்குப் போனார். அப்பா ஹாலில் பாயை விரித்துப் படுத்தார். மேலே வழக்கம்போல ஒரே துணுக்கு கேட்க ஆரம்பித்தது.

"இன்னா உன் தம்பி, வாசிச்சதையே வாசிச்சிகினு கீறான்? மேனேஜர் வர்ற நேரத்துக்குக் குளிச்சி ரெடியா இருக்கச் சொல்லு."

"நாளையிலேர்ந்து வாசிக்கப் போறதில்ல. இன்னைக்கு ஒருநாள் விடுங்களேன்" என்றாள் அம்மா, சமையலறையிலிருந்து.

கொஞ்ச நேரத்தில் கரண்ட் போயிற்று. ஃபேன் நின்றது; கிட்டாரும் நின்றது. மாடியில் ஒரு காலடிச் சத்தமோ இருமலோ இல்லை. "தூங்கிட்டான் போல" என்றாள் அம்மா, யாரும் கேட்காமலே. பிறகு கரண்ட் வந்தது. ஃபேன் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் மேலே கிட்டார் ஒலித்தது. முதலிலிருந்து அல்ல, துணுக்கின் நடுவிலிருந்து. அப்பா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஒரு கீச். ஒரு சுற்று முடிந்தது. அதே இடத்தில் அதே கீச்.

மாடிக்கு ஏறினேன். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே மாமா இல்லை. ஆணியில் கிட்டார் இல்லை. கட்டிலுக்கடியில் அவருடைய டிரங்குப் பெட்டி இல்லை. கிட்டாரில் செருகும் வயர் தரையில் சும்மா கிடந்தது; பக்கத்தில் பெடல், சிவப்பு விளக்கோடு. ஆளும் போய், கிட்டாரும் போய், வாசிப்பு மட்டும் அந்த மத்தியான வெக்கையில் சுற்றிக்கொண்டிருந்தது. மாமா செத்துப்போய்விட்டார், செத்தது தெரியாமல் வாசித்துக்கொண்டிருக்கிறார் என்றே நம்பினேன். ஜெபம் சொல்லிப் பார்த்தேன், பாதியில் மறந்துபோயிற்று.

ஓடிவந்து அம்மாவின் புடவையைப் பிடித்தேன். "அம்மா, மாமா மேல இல்ல. வாசிக்கிறது மட்டும் கேக்குது."

அம்மா காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். ஆற்றுகிற கை நிற்கவில்லை. "இருக்கான். மேலதான் இருக்கான். அப்பா கேட்டாலும் அப்டித்தான் சொல்லணும்" என்றாள். பிறகு அந்த டம்ளரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். வெகுநேரம் கழித்து இறங்கி வந்தாள். டம்ளர் காலியாக இருந்தது.

விழித்துக்கொண்ட அப்பா, "குடிச்சானா?" என்று கேட்டார்.

"குடிச்சான். சட்டை மாத்திகினு வரேன்னான்."

அந்தக் காலி டம்ளரைப் பார்த்துப் பயந்ததுபோல் நான் வேறெதற்கும் பயந்ததில்லை. யாருமில்லாத அறையில் காபியைக் குடித்தது யார்? மாமா என் கண்ணுக்கு மட்டும்தான் தெரியவில்லையா? அம்மாவிடம் ஒண்டிக்கொள்ளவும் பயமாக இருந்தது. அவளும் வேறு யாரோபோல் இருந்தாள். அவளே அதைக் குடித்திருப்பாள் என்பது ஏனோ எனக்குத் தோன்றவேயில்லை.

மேனேஜர் வந்தார். மிக்சரைக் கொறித்தபடி, "தம்பி நல்லா வாசிக்குதே" என்றார் மரியாதைக்கு. அப்பா மாடியைப் பார்த்துக் கூப்பிட்டார். மறுபடியும் கூப்பிட்டார். பிறகு தானே ஏறிப்போனார். தனியாக இறங்கி வந்தார். மேனேஜரிடம் ஏதோ சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டு அம்மாவிடம் வந்தார்.

"எப்போ போனான்?"

"சாப்ட்ட கையோட போயிட்டான். இந்நேரம் சென்ட்ரல்ல வண்டி கிளம்பியிருக்கும். என்ன திட்டணுமோ என்னைத் திட்டுங்க."

அப்பா திட்டவில்லை. அம்மாவை யாரோபோலப் பார்த்தார். "போய் அந்தச் சனியன நிறுத்து" என்று மட்டும் சொன்னார்.

மாமா சாகவில்லை, ரயிலில் போகிறார் என்றதும் எனக்கு உயிர் வந்தது. துள்ளிக்கொண்டு அம்மாவின் பின்னால் மாடி ஏறினேன். அம்மா பெடலின் முன்னால் நின்றாள்.

"இத எப்டிடி நிறுத்தறது?"

"கால வெச்சி மிதிக்கணும். மிதிச்சா அழிஞ்சிடும்மா, திரும்ப வராது" என்றேன், எனக்குத் தெரிந்ததைச் சொல்லக் கிடைத்த பெருமையோடு.

நீட்டிய காலை அம்மா இழுத்துக்கொண்டாள். மாமாவின் கட்டிலில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். துணுக்கு சுற்றிச் சுற்றி வந்தது. பிடி இறுகிக்கொண்டே போயிற்று. நான் பயந்துகொண்டிருப்பதாக நினைத்துத்தான் பிடித்திருக்கிறாள் என்று எண்ணினேன்.

"எனக்குப் பயமெல்லாம் போயிடுச்சும்மா" என்று சொல்லிக் கையை உருவிக்கொண்டு, விளையாடக் கீழே ஓடினேன்.