ஆடி மாசத்துப் புளி

மங்கம்மாள் பேர் சொன்ன ஆள் கொலைகாரனாக இருக்கவே மாட்டான். காவலூரை அடுத்த அந்த மலைக்கிராமத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

பொங்கலுக்கு வந்த மகள் ஆனந்தி, அம்மாவின் போனில் பன்னிரண்டு பழைய துப்பறியும் கதைகளை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். யாரோ ஒரு நல்ல குரல்காரர் வாசித்த கதைகள். மாசியில் புளி உலுக்கியதும் போன் களத்துக்கு வந்துவிட்டது. அங்கே ஒருத்தி வீட்டுப் புளியை எல்லோருமாக உட்கார்ந்து ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுத்து முடிப்பார்கள். அப்புறம் அடுத்தவள் வீட்டுப் புளி. வீட்டுக்கு ஒரு கதை ஓடியது. காலிக் குடத்துக்குள் போனைப் போட்டால் களம் முழுக்கக் கேட்கும்.

பாதிக் கதையில் நிறுத்திவிட்டு, கொலைகாரன் யாரென்று ஒவ்வொருத்தியும் பேர் சொல்ல வேண்டும். ஐம்பது வயது மங்கம்மாளுக்கு இதைவிட இன்பமான வேலை உலகத்திலேயே இல்லை. ஆனால் பதினோரு கதையிலும் அவள் பிடித்துக் கொடுத்தது அப்பாவிகளைத்தான். ஒரு தடவை செத்துப்போனவனையே சந்தேகப்பட்டாள்.

பக்கத்து வீட்டு வசந்திக்கு வாய் கொஞ்சம் நீளம். பன்னிரண்டாவது கதை தொடங்கும்போதே சொல்லிவிட்டாள்.

"அக்கா, இந்த வாட்டியும் தப்பா சொன்னீன்னா இனிமே நீ பேரே சொல்லக் கூடாது. கம்முனு புளி தட்டிக்கினு கேக்கணும்."

"சரி" என்றாள் மங்கம்மாள். குடத்துக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

கதையில் ஆடி அமாவாசையன்று ஒரு ஜமீன்தாருக்கு யாரோ விஷம் வைத்துவிட்டார்கள். துப்பறிவாளர் ஒவ்வொருவராக விசாரித்தார். கணக்குப்பிள்ளையின் முறை வந்தபோது பார்த்து ஓர் ஆடு புளிக் குவியலில் வாய் வைத்தது. எல்லோரும் எழுந்து அதை விரட்ட ஓடினார்கள். மங்கம்மாள் மட்டும் குடத்தை விட்டு நகரவில்லை. கணக்குப்பிள்ளை சொன்னதைக் கேட்டு, அவள் புளி தட்டும் கோல் அந்தரத்தில் நின்றது.

"கணக்குப்பிள்ளைதான்" என்றாள், அவள் முறை வந்ததும். காரணத்தைச் சொல்லவில்லை. கடைசியில் போட்டு உடைக்கலாம் என்று மடியில் கட்டி வைத்துக்கொண்டாள்.

"அப்ப அந்த ஆளு தப்பிச்சான்" என்றாள் வசந்தி. களமே சிரித்தது.

மறுநாள் மத்தியானம், கடைசிக் கூடைப் புளியை உடைத்துக்கொண்டிருக்கும்போது கதை முடிந்தது. துப்பறிவாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு கொலைகாரனைச் சுட்டிக் காட்டினார். டாக்டராம்.

வசந்தி சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறியது. மங்கம்மாளின் முகம் சுண்டிப்போயிற்று. ஆனால் அவள் விடுகிற ஆளில்லை. போனை எடுத்து, கதையைப் பின்னுக்குத் தள்ளித் தள்ளி ஆடு வந்த இடத்தைப் பிடித்தாள். மறுபடி குடத்துக்குள் போட்டாள்.

"அந்த நேரத்தில் நான் தோப்பில் புளியம்பழம் உலுக்கிக் கொண்டிருந்தேன்" என்றான் கணக்குப்பிள்ளை.

களத்தில் அத்தனை கையும் நின்றது.

"ஆடி மாசத்துல இன்னா பழம்டி இருக்கும் மரத்துல?" என்றாள் மங்கம்மாள். "பூவும் பிஞ்சுமா நிக்கும். புளுவுறான். துப்பறியறவரு அதை அப்படியே நம்பிட்டு எழுந்து போறாரு."

வசந்தி யோசித்தாள். கையிலிருந்த பழத்தைப் பார்த்தாள். பந்தயம் கட்டியவளே அவள்தான், என்ன சொல்வாளோ என்று மங்கம்மாள் அவள் வாயையே பார்த்தாள்.

"அக்கா சொன்னதுதான் சரி" என்றாள் வசந்தி. "கதைதான் தப்பு. அந்தாளு பாவம், டாக்டர வுட்டுடச் சொல்லு."

அத்தனை பேரும் ஆமாம் என்றார்கள். மங்கம்மாளுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். சிக்னல் கிடைக்கும் பாறை மேல் ஏறி நின்று மகளுக்குப் போன் போட்டாள்.

"இன்னும் நாலு கதை ஏத்தி அனுப்புடி. அப்படியே அந்தக் கதையை எழுதனவரு இருக்காரான்னு கேட்டுப் பாரு. கணக்குப்பிள்ளை இன்னும் வெளியதான் சுத்திக்கினு இருக்கான்."