தாடையில் ஒரு பருவோடு திண்டிவனத்துக்கு

கெடாரைத் தாண்டி விழுப்புரம் சாலையில் நடந்துகொண்டிருந்தபோது தாடையில் அது பழுக்கத் தொடங்கியிருந்தது. விடியும்போது வெறும் வலியாகத்தான் இருந்தது. வெயில் ஏறியதும் நுனியில் வெள்ளை கண்டுவிட்டது என்று தொடாமலே தெரிந்தது. பருக்களோடு பத்து வருடம் குடித்தனம் நடத்தியவனுக்கு இதற்கெல்லாம் கண்ணாடி தேவையில்லை.

இரண்டு பஸ்கள் பக்கத்தில் வேகம் குறைத்துப் பார்த்துவிட்டுப் போயின. நான் ஏறவில்லை. உட்கார்ந்தால் கை முகத்துக்குப் போகும், நடக்கும்போது போகாது. திண்டிவனத்தில் ஒரு டிபன் கடையில் பரிமாற ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கிளம்பியிருந்தேன். அந்தக் கடை வாசலில் போய் நிற்கும்வரை இந்த ஒன்றைக் கிள்ளாமல் இருக்க வேண்டும். கிள்ளினால் ரத்தம் வரும். பிறகு பக்கு கட்டும். பக்கையும் பிய்ப்பேன். அந்த முகத்தைப் பார்க்கிற முதலாளி, பின்பக்கம் போய்ப் பாத்திரம் தேய்க்கச் சொல்வார். எனக்கு நடந்து நடந்து பழகிப்போன வரிசை அது.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். செங்கல் சூளை, லாரி கிளீனர், மரக்காணத்தில் உப்பளம் என்று ஓரிடத்தில் நிற்காமல் சுற்றினேன். எங்கே போனாலும் விரல் கூடவே வந்தது. உப்பளத்தில் கிள்ளிய இடத்தில் உப்புத் தண்ணீர் பட்டு எரிந்தது. எரிந்தபோதும் கிள்ளினேன். யோசிக்கும்போது, பயப்படும்போது, ஒன்றும் செய்யாமல் இருக்கும்போது விரல் தானாக மேலே போய் மேடு தேடும். கிடைத்தால் ஒரு நிம்மதி. பிறகு கண்ணாடியைப் பார்த்தால் அந்த நிம்மதி போய்விடும். அவ்வளவுதான், அதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை.

விழுப்புரத்தில் ஒரு மெஸ்ஸில் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தேன். சித்திரை மாதம், கூட்டமான மதியம். சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்ற அரை நிமிடத்தில் கன்னத்தில் ஒன்றைக் கிள்ளிவிட்டேன். அதே கையால் அப்பளம் எடுத்து வைத்தேன். அந்த இலையில் சாப்பிட்டவர் அதைப் பார்த்துவிட்டார். இலையை மடித்துவிட்டு எழுந்து போனார். முதலாளி என்னைப் பின்னால் கூப்பிட்டார்.

"கை எலையில இருக்கணும், இல்ல மூஞ்சில இருக்கணும். ரெண்டுலயும் இருந்தா எவன் துன்னுவான்? கெளம்புப்பா."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. கிளம்பிவிட்டேன். அதற்குப் பிறகு கேட்ட இரண்டு கடைகளிலும் என் முகத்தைப் பார்த்ததுமே கையை ஆட்டிவிட்டார்கள்.

வைகாசியில் கெடார் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். ஆடியில் விதைப்பதற்காக அங்கே ஒரு வீட்டில் விதை மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, உரித்துக்கொண்டிருந்தார்கள். மிஷினில் போட்டால் பருப்பின் மேல்தோல் கீறிவிடும், கீறினது முளைக்காது என்று விதைக்கு மட்டும் கையால்தான் உரிப்பார்கள். அந்த வீட்டு அக்கா நான்கைந்து பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். வேலை இருக்கிறதா என்று கேட்பதற்குள் என் முகத்தைப் பார்த்தாள். அதற்கு முந்தின வாரம் முழுக்க நான் வெறியாகக் கிள்ளியிருந்தேன். நெற்றி, கன்னம், கழுத்து எல்லாம் சிவந்து, கொப்புளமும் பக்குமாக இருந்தது. வெயிலில் வந்ததால் உடம்பும் சுட்டது.

அக்கா எழுந்து நின்று கையைக் கூப்பினாள். எனக்கு இல்லை, என் முகத்துக்கு.

"ஆத்தா வந்திருக்கா. இந்த வெயில்ல எங்கப்பா சுத்திக்கினு கீற? உள்ள வா."

அம்மை என்று நினைத்துவிட்டார்கள். இல்லை, இது பரு என்று சொல்லியிருக்கலாம். இரண்டு நாளாக ஒழுங்காகச் சாப்பிடாதவன் நான். வாயைத் திறக்கவில்லை. வாசலில் வேப்பிலை செருகினார்கள். என்னைத் தனி அறையில் பாய் போட்டுப் படுக்க வைத்தார்கள். கேப்பைக் கூழும் இளநீரும் வந்தன. கையில் ஒரு வேப்பிலைக் கொத்தைக் கொடுத்து அக்கா கண்டிப்பாகச் சொன்னாள்.

"அரிச்சா நகம் வெக்கக் கூடாது. இத்தால தடவிக்கினே இரு. நகம் பட்டா ஆத்தாவுக்குக் கோவம் வந்துடும்."

கதவு பாதி திறந்தே இருந்தது. யாராவது எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். என் விரல் முகத்துக்குப் போகும்போதெல்லாம் வெளியிலிருந்து "தம்பி, கொத்து" என்று குரல் வரும். இலையால் தடவினேன். சொறிவது போல ஆகாது, ஆனால் அரிப்பு கொஞ்சம் அடங்கும். அம்மை இருக்கிற வீட்டில் தாளிக்கக் கூடாது, கவுச்சி கூடாது. அக்காவின் புருஷன் கருவாடு இல்லாமல் சோறு இறங்காதவர்.

"ஆத்தா எப்பம்மா போவா?" என்று அவர் கேட்பது எனக்குக் கேட்டது.

"வந்தவள தொரத்துவியா நீ? மோரு ஊத்திக்கினு துன்னு."

மூன்றாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். அக்கா துண்டால் என் முகத்தை ஒற்றிவிட்டு, சுவரிலிருந்த கண்ணாடியைக் கழற்றிக் கொண்டுவந்தாள். பக்குகள் தானாக உதிர்ந்திருந்தன. கீழே இளஞ்சிவப்பாகத் தோல் இருந்தது. கிள்ளாமல் விட்டால் என் முகம் ஆறும் என்பதையே நான் பத்து வருடத்தில் ஒரு தடவையும் பார்த்ததில்லை. பார்க்க விட்டதில்லை.

அன்று சாயங்காலம் உண்மையைச் சொன்னேன். அடுத்த அமாவாசைக்கு எனக்காக மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போய்வர அவள் பேசிக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை.

அவள் புருஷன்தான் முதலில் பேசினார்.

"அப்போ மூணு நாளா நான் மோரு ஊத்திக்கினது இவன் பருவுக்கா?"

பெண்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. "சோத்துக்கு இல்லன்னா கேட்டிருக்கலாம் இல்ல. பொய் எதுக்கு?" என்றாள். பிறகு, "மூணு நாளு கைய வெக்காம இருந்த இல்ல? அத்த இனிமேலும் செய்யி" என்று சொல்லி ஒரு கூடை மல்லாட்டையை என் முன்னால் தள்ளினாள்.

அப்படித்தான் அந்த வேலைக்குச் சேர்ந்தேன். ஓட்டில் தண்ணீர் தெளித்து, கட்டைவிரலால் அமுக்கினால் டப்பென்று திறக்கும். என் விரல் எதைத் தேடி அலைந்ததோ அது கூடை கூடையாகக் கிடைத்தது. அமுக்குவது, திறப்பது, உள்ளே இருப்பதை எடுப்பது. ஆனால் பருப்பின் சிவப்புத் தோலில் நகம் படக்கூடாது. பட்டதைத் தனியாக வைக்கச் சொன்னார்கள். முதல் நாள் என் குவியலில் பட்டதுதான் அதிகம். நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டேன்.

அக்காவே விழுப்புரத்தில் அரசு ஆஸ்பத்திரி தோல் டாக்டரிடம் போகச் சொன்னாள். டாக்டரம்மா என் முகத்தை லைட் அடித்துப் பார்த்துவிட்டு, "என்ன ட்யூப் போடுறீங்க?" என்று கேட்டார். சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். முகம் வெளுக்கும் என்று மெஸ்ஸில் கூடத் தங்கியிருந்தவன் வாங்கித் தந்தது. ஒரு வருடமாக விடாமல் போட்டுக்கொண்டிருந்தேன்.

"இதுவே பரு வரவைக்கும். இனிமே போடாதீங்க. விட்டதும் கொஞ்ச நாள் அதிகமாகும், பயந்துடாதீங்க. காலையும் சாயந்திரமும் சாதா சோப்பு, அழுத்தித் தேய்க்கக் கூடாது. ராத்திரிக்கு நான் எழுதுற மருந்து. கை மட்டும் போகக் கூடாது."

"அதுதாங்க போவுது."

"அப்போ கைக்கு வேலை குடுங்க" என்றார்.

சொன்னபடியே முதல் இரண்டு வாரம் முகம் வெடித்தது. எரிச்சலில் தூக்கம் வரவில்லை. ஒரு மதியம், அக்காவின் புருஷன் பைக்கை நிறுத்திவிட்டுப் போனபோது, அதன் கண்ணாடி முன்னால் குனிந்து இரண்டைப் பிதுக்கினேன். நிமிர்ந்தால் அக்கா நின்றுகொண்டிருந்தாள். கண்ணாடியை வேறு பக்கம் திருப்பிவிட்டுப் போனாள். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. போய்க் கூடை முன்னால் உட்கார்ந்தேன். அதன் பிறகு ஒரு நாளும் இல்லை. ராத்திரி மருந்து பட்டு என் சிவப்புத் துண்டெல்லாம் வெள்ளை வெள்ளையாகச் சாயம் போனது. "துண்டுக்கும் அம்மையா?" என்றார் அக்காவின் புருஷன்.

விதைத்து, களை வெட்டி, ஆவணி பிறந்ததும் கால் நிற்கவில்லை. கிளம்புகிறேன் என்றேன். அக்கா மல்லாட்டை ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். கிளம்பிய அன்றைக்கென்று தாடையில் இது.

விழுப்புரம் வரை நடந்துவிட்டேன். அங்கிருந்து திண்டிவனத்துக்கு நடக்க முடியாது, பஸ் ஏறித்தான் ஆக வேண்டும். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. கண்ணாடியில் என் தாடை தெரிந்தது. விக்கிரவாண்டி வருவதற்குள் விரல் இரண்டு தடவை கழுத்துவரை ஏறி இறங்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரிய மீசைக்காரர் என்னைவிட அதிகமாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நல்லா பழுத்துக்கினு கீது. அமுக்கிடேன்."

"வேணாங்க."

"பாக்கறதுக்கே பேஜாரா கீதுப்பா. ஊக்கு இருக்குது, தரட்டா?" சட்டையில் பட்டனுக்குப் பதிலாகக் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றவே ஆரம்பித்துவிட்டார்.

ஒரு குத்து, ஒரு அமுக்கு, முடிந்துவிடும். பொட்டலத்தைப் பிரித்து மடியில் வைத்தேன். ஒன்றை உடைத்தேன். பருப்பை அவர் கையில் வைத்தேன். வாயில் போட்டுக்கொண்டு மறுபடி கையை நீட்டினார். திண்டிவனம் வரை நான் உரித்தேன், அவர் தின்றார். இறங்கும்போது ஊக்கைத் திரும்பச் சட்டையில் குத்திக்கொண்டே, "அந்தப் பரு மட்டும் எனக்கு வந்திருந்தா விட்டிருக்க மாட்டேன்" என்றார்.

டிபன் கடைக்காரர் கல்லாவில் இருந்தார். வேலை கேட்டதும் முகத்தைத்தான் பார்த்தார்.

"தாடையில என்னா?"

"பருங்க. தொடறதில்ல. தானா போயிடும்."

"கையக் காட்டு."

இரண்டு கையையும் நீட்டினேன். திருப்பச் சொன்னார். ஒட்ட வெட்டிய நகங்களைப் பார்த்தார். பிறகு மறுபடி முகத்தைப் பார்த்தார். கன்னத்தில் பழைய தழும்புகள் இருந்தன. அவை எங்கும் போகப்போவதில்லை. புதுக்காயம் ஒன்றுகூட இல்லை.

"காலைல அஞ்சு மணிக்கு வந்துடு. பாக்கறேன்."

பஸ் ஸ்டாண்டில் படுத்துக்கொண்டேன். நான்கு மணிக்குக் குழாயடியில் முகம் கழுவியபோது தாடை வலிக்கவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக அது தானே அமுங்கியிருந்தது.

ஐந்து மணிக்கு முதலாளி ஒரு பழைய சட்டையைக் கொடுத்து மாட்டச் சொன்னார். சட்னி வாளி தூக்கவா, பாத்திரம் தேய்க்கவா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவரே பரிமாறச் சொல்லி வாசல் பக்க மேஜைகளைக் காட்டினார். முதல் ஆள் ஒரு லாரி டிரைவர். என் முகத்தை நேராகப் பார்த்து, "இன்னாப்பா இருக்குது?" என்றார். இட்லி, பொங்கல், பூரி, வடை என்று ஒரே மூச்சில் சொன்னேன். பொங்கலும் வடையும் கேட்டார். கையைக் கழுவிவிட்டு இலையைப் போட்டேன்.