விடாமல் பிடித்த மஞ்சள்

ஏழு வயதில் ஒரு பகல் முழுக்க நான் ஒன்றுக்குப் போகாமல் இருந்தேன். வெட்கப்பட்டு இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கீழ்நாட்டில் மாமா கல்யாணத்துக்குப் போய்விட்டு மலைமேல் லிந்துலைத் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பியபோது எனக்கும் தம்பிக்கும் குளிர்காய்ச்சல் கண்டிருந்தது. தம்பி கைக்குழந்தை. பொடித்துக் கொடுத்த மஞ்சள் மாத்திரையையெல்லாம் கக்கினான். எட்டாம் நாள் போய்விட்டான். பிறகு எனக்கும் தோட்டத்து டாக்டர் ஐயா அதே மஞ்சள் மாத்திரையைத்தான் கொடுத்தார். அப்படியொரு கசப்பு. அம்மா என் வாயைப் பொத்திக்கொண்டு, விழுங்கும்வரை தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

மாத்திரை தொடங்கிய மூன்றாம் நாள் எனக்கு மூத்திரம் மஞ்சள் சாயமாகப் போனது. அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு ஐயாவிடம் ஓடினாள்.

"பயப்படாத. மாத்திர வேலய முடிச்சிட்டு அந்த வழியாத்தான் வெளிய போவும்" என்றார் அவர்.

அம்மாவுக்குப் பயம் தெளிந்தது. எனக்குப் பிடித்துக்கொண்டது. மருந்து தங்காமல்தானே தம்பி போனான்? ஒரு சொட்டுகூட விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

மறுநாள் அம்மா கொழுந்தெடுக்கப் போனதிலிருந்து காலைப் பின்னிக்கொண்டு சாக்கில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் காம்பரா வீட்டுச் சித்தி கொடுத்த கஞ்சியைத் தொடவில்லை. சாயங்காலம் அம்மா கூடையை இறக்கும்போது என் அடிவயிறு கல்லாகியிருந்தது.

"ஏண்டி, ஒன்னுக்குப் போகலயா?"

"போக மாட்டேன். மருந்து போயிரும்."

சித்தி விழுந்து விழுந்து சிரித்தாள். "நல்ல புள்ளயப் பெத்தீங்க அக்கா! டாக்டர் ஐயா குடுத்த மருந்த ஒரு சொட்டு வீணாக்காதாம்!"

அம்மா சிரிக்கவில்லை. என்னை வாசலில் சாக்கடைக் கானோரம் உட்கார வைத்தாள்.

"போ கண்ணு. நாளைக்கும் மாத்திர தருவேன்ல."

"மாட்டேன்."

அடிப்பாள் என்று பார்த்தேன். அவள் செம்புத் தண்ணீரைக் கானில் மெல்லிய தாரையாக ஊற்றத் தொடங்கினாள். என் உறுதி அந்தச் சத்தம் வரைக்கும்தான்.

மஞ்சளாக ஓடியது. எல்லாம் போச்சே என்று நான் ஓவென்று அழுதேன். அம்மா கானருகே குனிந்து அந்த மஞ்சளையே பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"உள்ள போயிருக்கு... எம்புள்ளைக்கு மருந்து உள்ள போயிருக்கு."

அத்தனையும் கானோடு போய்க்கொண்டிருக்க, அம்மா எதற்காக அப்படிச் சிரித்தாள் என்று அன்று எனக்கு விளங்கவில்லை.