ஓரத்துக்குத் திரும்பாத மணியம் அங்கிள்

அந்த வருடத் தைப்பூசத்துக்குப் பத்துமலையில் பக்தர்களுக்குச் சாப்பாடும் மோரும் கொடுக்க நாங்கள் போடவிருந்த தண்ணீர்ப் பந்தலின் வேலைப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் அடித்துத் தருகிறேன் என்று நானாகத்தான் குதித்தேன். பிரிக்ஃபீல்ட்ஸ் மாலை வகுப்பில் புரோகிராம் எழுதப் பழகிக்கொண்டிருந்த நேரம். சும்மா இருக்க முடியுமா?

குழுத் தலைவரின் பெயர் ஓரத்தில் வரவேண்டும். அவருக்குக் கீழே வேலை செய்பவர்கள் கொஞ்சம் உள்ளே தள்ளி வரவேண்டும். ஒரு குழு முடிந்ததும் மீண்டும் ஓரத்துக்குத் திரும்பச் சொல்லும் வரியை மட்டும் எழுத மறந்துவிட்டேன்.

அச்சடித்த தாளைச் சரிபார்க்காமலே கூட்டத்தில் நீட்டினேன். சமையலுக்குப் பொறுப்பான சரோஜா ஆன்டி ஓரத்தில் கம்பீரமாக இருந்தார். சாமான் ஏற்றிவரும் லோரிக் குழுவின் தலைவர் மணியம் அங்கிளோ ஆன்டியின் ஆட்களுக்குக் கீழே, அவர்களோடு ஒரே வரிசையில் உள்ளே போயிருந்தார். போன வருடம் ஆன்டி கலக்கிய மோரில் உப்பு அதிகம் என்று அவர் சொன்னதிலிருந்து இருவருக்கும் பேச்சே கிடையாது.

"என்னடா தம்பி, காய் வெட்டுறவங்களுக்கும் கீழயா நானு?" என்றார் அங்கிள்.

அவர் கோபித்துக்கொண்டால் லோரி வராது. லோரி வராவிட்டால் பந்தலே இல்லை.

ஆன்டி தாளை வாங்கிப் பார்த்தார். "கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுலா. காலையிலேயே கத்தியோட வந்துருங்க."

அங்கிள் அவரை முறைத்தார். அப்புறம் சிரித்துவிட்டார். "வரேன். ஆனா மோருக்கு உப்பு நான்தான் போடுவேன்."

சொன்னபடியே வந்து, ஆன்டியின் பக்கத்தில் உட்கார்ந்து கேரட் நறுக்கினார்.

விட்டுப்போன வரியை எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனாலும் தைப்பூசம் முடியும்வரை நான் அதைத் தொடவில்லை. எதற்கும் அவசரப்படுகிற நான், ஒரு தவற்றைத் திருத்தாமல் பொறுமையாக இருந்தது அப்போதுதான்.