ஓரத்திலிருந்து தைத்தவர்

கும்பகோணத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது மாணிக்கத்திடமிருந்து போன் வந்தது. மாணிக்கம், வேணி மேடத்தின் தம்பி. மேளச் சத்தத்தில் அவர் பேசியது பாதிதான் கேட்டது. "கல்யாண வீட்டுல இருக்கீங்களாம்மா? சாப்பிட்டு முடிச்சிட்டே கூப்பிடுங்க, அவசரமில்ல" என்றார். கொஞ்ச நாளாகவே அவர் எப்போது கூப்பிட்டாலும் அவசரமாகத்தான் கூப்பிடுவார். அவசரமில்லை என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. இலையை மூடிவிட்டு எழுந்தேன். பக்கத்திலிருந்தவர் "பாயசம் வருதேம்மா" என்றார்.

நம் அலுவலகத்தில் வேலை பார்த்த யாருக்கும் கமலவேணி மேடத்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வாய்க்கால், மதகு, கரை என்று பாசனப் படங்கள் வரையும் பிரிவில் அவர் வரைவாளர். நான் அதே பிரிவில் எழுத்தர். கோடு தப்பிவிட்டால் பிளேடால் மையைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி போடுவார். சுரண்டிய இடம் எதுவென்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலும் தெரியாது. "அவசரத்துக்குத் தப்பாப் போட்டுக் குடுக்க எனக்குத் தெரியாது சார், வேற ஆளைப் பாருங்க" என்று எத்தனை அதிகாரிகளிடம் சொல்லியிருப்பார்! அத்தனை பேரும் காத்திருந்துதான் வாங்கிக்கொண்டு போனார்கள்.

படத்தின் வலது கீழ் மூலையில் ஒரு பெட்டி போடுவது வழக்கம். தலைப்பும் அளவும் அதிகாரிகளின் கையெழுத்தும் அதற்குள்தான் இருக்கும். காவிரித் தண்ணீர் மேற்கே இருந்து கிழக்கும் தெற்குமாக இறங்கிப் போகிறது. அதனால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை ஊர்கள் பல சமயம் அந்த மூலையில்தான் மாட்டும். மன்னார்குடிக்குத் தெற்கே இருக்கும் வேணி மேடத்தின் ஊரும் அப்படி மாட்டிய ஊர். புதிதாக வந்த ஒரு என்ஜினியர் படத்தை விரித்து வைத்துக்கொண்டு, "உங்க ஊர் இதுல எங்கேங்க?" என்று கேட்டார். இவர் அந்தப் பெட்டியைத் தொட்டு, "உங்க கையெழுத்துக்கு அடியில இருக்கு சார்" என்றார். அந்த மனிதர் அதற்குப் பிறகு எங்கள் அறைக்குள் வருவதையே குறைத்துக்கொண்டார்.

ஓய்வு பெற்றதும் எல்லோரும் காசி, ராமேஸ்வரம் என்று கிளம்பினோம். இவர் மோட்டார் வைத்த தையல் மிஷின் ஒன்று வாங்கினார். மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவே மெல்லிய பஞ்சு வைத்துத் தைக்கிற போர்வையில்தான் அவருக்குக் கண். அதற்கு மிஷினில் துணியை இழுக்கிற பல்லை இறக்கிவிட வேண்டும். பிறகு ஊசி நின்ற இடத்திலேயே குத்திக்கொண்டிருக்கும். நாம்தான் இரண்டு கையாலும் துணியை நகர்த்தி நகர்த்திக் கோடு போட வேண்டும். கை வேகமாகப் போனால் தையல் நீண்டுவிடும், தயங்கினால் நூல் ஒரே இடத்தில் குவிந்துவிடும். துணி வழுக்காமல் இருக்க, அலுவலகத்தில் காகிதம் எண்ணும்போது விரலில் மாட்டுவோமே ரப்பர் தொப்பி, அதைப் பத்து விரலிலும் மாட்டிக்கொண்டார். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். "இத்தனை வருஷம் பேனாவை நகர்த்தினேன். இப்போ காகிதத்தை நகர்த்துறேன், அவ்வளவுதான் ராஜி" என்றார்.

ஒரே போர்வையில் தன் ஊர் வாய்க்காலை, அது பிரிகிற அணைக்கட்டிலிருந்து கடைசி வரைக்கும் தைப்பது என்று முடிவு செய்தார். நாற்றங்காலுக்கு இளம்பச்சை, விளைந்த வயலுக்கு மஞ்சள், அறுவடைக்குப் பிறகு உளுந்து விதைத்த நிலத்துக்கு மண் நிறம் என்று பழைய பருத்திப் புடவைகளை வெட்டி ஒட்டினார். தண்ணீருக்கு நீல நூல். இந்த வேலைக்கு ஒரு விதி உண்டு. நடுவில் ஆரம்பித்து ஓரத்தை நோக்கித் தைத்துக்கொண்டு போக வேண்டும், அப்போதுதான் சுருக்கமெல்லாம் வெளியே தள்ளப்படும். அப்படித்தான் முதலில் தைத்தார். தள்ளிய சுருக்கம் முழுக்க வலது கீழ் மூலையில் போய்க் குவிந்தது. தன் ஊர் மடிப்பும் குழியுமாகக் கிடந்ததை அவர் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தைத்தது அத்தனையையும் பிரித்தார்.

அடுத்த தடவை கடைமடையில் ஆரம்பித்தார். ஓரத்திலிருந்து மேலே மேலே தைத்துக்கொண்டே போனார். ஊர் தட்டையாக, இஸ்திரி போட்டது போல வந்தது. சுருக்கம் தலைமாட்டில், வாய்க்கால் பிரிகிற அணைக்கட்டில், பூரி மாதிரி உப்பிக்கொண்டு நின்றது. "அதையும் கொஞ்சம் பிரிச்சுச் சரிபண்ணிடலாமே" என்றேன். "சுருக்கம் எங்கேயாவது இருந்துதான் ஆகணும். இத்தனை நாள் எங்க ஊருல இருந்துச்சு. கொஞ்ச நாள் மேல இருக்கட்டும்" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் சிரிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், வாரத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்திகரிக்க வேண்டியிருந்தது. அப்படியும் ஓரப்பட்டி அடித்து முடித்து, ஒரு வண்டி வைத்து ஊருக்கு எடுத்துக்கொண்டு போனார். துணைக்கு நானும் போனேன். மாணிக்கத்தின் வீட்டுக் கூடத்தில் விரித்ததும் ஊரே கூடிவிட்டது. அவரவர் வயலைத் தேடி விரலை வைத்தார்கள். கீழத்தெருவிலிருந்து இந்திரா வந்திருந்தார். அவருடைய அப்பாவும் அம்மாவும் ஒரு காலத்தில் மாணிக்கத்தின் வீட்டு வயலில் வேலை செய்தவர்கள். இந்திரா பள்ளிக்கூட ஆசிரியை. கீழத்தெருக்காரர்கள் சொந்தமாகச் சாகுபடி செய்கிற நிலங்களில் அவருடையதும் ஒன்று. குனிந்து நிதானமாகப் பார்த்தார்.

"ரொம்ப அழகா இருக்குக்கா. எங்க வயல் எங்க?" என்று கேட்டார்.

மாணிக்கம் முந்திக்கொண்டு, "அது அந்தாண்ட போயிடும்மா. அதுக்கெல்லாம் துணி எங்க இருக்கு?" என்றார்.

இந்திரா நிமிர்ந்தார். காபி குடித்துவிட்டுப் போய்விட்டார். மாணிக்கம் வீட்டு வயலைத் தாண்டியும் அந்த வாய்க்கால் போகிறது. வேணி மேடத்தின் ஓரப்பட்டி சரியாக மாணிக்கத்தின் வரப்பில் முடிந்திருந்தது.

திரும்பி வரும்போது நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வழக்கம்போல வண்டி நின்றது. வேணி மேடம், "நானும் பெட்டி போட்டுட்டேன் ராஜி" என்றார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். கேட் திறப்பதற்குள் முடிவும் செய்துவிட்டார். ஓரத்தைப் பிரித்து, மூலையில் புதுத்துணி சேர்த்து, வாய்க்காலைக் கடைசி வரைக்கும் கொண்டுபோக வேண்டும். "உடம்பு தேறட்டும்" என்றேன். "தேறினதும் செய்யலாம்னு இருந்தா இந்திரா வயல் வெளியிலேயேதான் கிடக்கும்" என்றார்.

இந்திராவைப் போன் பண்ணித் தன் வீட்டுக்கு வரவழைத்தார். அவர் வந்ததும், "வாங்க, உக்காருங்க. உங்க வாய்க்காலை நான் எப்படிப் போடுறது? நீங்களே போடுங்க" என்று துணியில் கோடு போடும் சாக்கட்டியைக் கையில் கொடுத்தார். மாணிக்கத்தின் வீட்டில் இந்திராவை யாரும் 'வாங்க' என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. இந்திரா துணியின் மேல் குனிந்தார். பிறகு வாய்க்கால் வளைகிற இடம், மதகு, கீழத்தெரு எல்லாவற்றையும் வரைந்தார்.

அதற்குள் வேணி மேடத்தின் கால் வீங்கி, மரத்துப்போய்விட்டது. பெடலை மிதித்தால் மிதிபடுகிறதா என்பதே தெரியவில்லை. மிஷினை மூடிவிடுவார் என்று நினைத்தேன். "உன் காலைக் குடு" என்றார். பஸ்ஸில் ஒரே சீட்டில் நெருக்கி உட்கார்ந்தது போல உட்கார்ந்தோம். நான் மிதித்தேன், அவர் துணியை நகர்த்தினார். "மெதுவா, மெதுவா. நீ என்ன மினி பஸ்ஸா ஓட்டுற?" என்பார். "போ... போ... வளைவு வருது, நிறுத்து" என்பார். முதல் நாள் முழுக்கத் திட்டு வாங்கினேன். எழுத்தராக இருந்த காலத்தில் எந்த அதிகாரியும் என்னை அப்படித் திட்டியதில்லை. போகப் போக அவர் தோள் அசைவதை வைத்தே எப்போது மிதிக்க வேண்டும் என்பது எனக்குப் பிடிபட்டுவிட்டது.

பழைய ஓரம் இருந்த இடத்தில் துணி ஒன்றன்மேல் ஒன்றாகத் தடித்திருந்தது. நீல நூல் அதைத் தாண்டிப் போக வேண்டும். ஊசி உடைந்தது. மாற்றினோம், அதுவும் உடைந்தது. "போதும், இதோட நிறுத்திக்கலாம்" என்று காலை எடுத்தேன். அவர் என் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டி, "கடைமடைக்குத் தண்ணி சும்மா போயிடுமா? மிதி" என்றார். தடித்த ஊசியாக ஒன்று வாங்கி வந்து மாட்டினோம். தையல் அந்த மேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கியபோது இரண்டு பேருமே மூச்சை விட்டோம். இந்திராவின் வயல் வரைக்கும் நிறுத்தாமல் ஓட்டினார். முடிந்தபோது போர்வை சதுரமாகவும் இல்லை, நீளமாகவும் இல்லை. ஒரு மூலை மட்டும் நாக்கை நீட்டியது போல வெளியே நின்றது. "நல்லாத்தான் இருக்கு" என்று அதைத் தடவிப் பார்த்தார். அதற்கு மேல் அவர் மிஷினில் உட்காரவில்லை.

கல்யாண வீட்டிலிருந்து கிளம்பி ஊருக்கு நான் போய்ச் சேர்ந்தபோது வேணி மேடத்தை மாணிக்கத்தின் வீட்டுக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அந்தப் போர்வையைத்தான் போர்த்தியிருந்தார்கள். நீட்டிக்கொண்டிருந்த மூலையை உறவுக்காரர் ஒருவர் அடியில் மடித்துச் செருகிக்கொண்டிருந்தார். வாசலில் கீழத்தெருப் பெண்களோடு இந்திரா நின்றிருந்தார். நான் நேரே போய் அந்த மூலையை வெளியே இழுத்துவிட்டேன்.

"கோணலா இருக்கேம்மா" என்றார் உறவுக்காரர்.

"அவங்க அப்படித்தான் தச்சாங்க" என்றேன். குரல் எழும்பிவிட்டது. கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மாணிக்கம் எழுந்து வந்தார். என்னைத்தான் ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். மூலையை நீவி, சுருக்கமில்லாமல் விரித்தார். பிறகு வாசலைப் பார்த்து, "உள்ள வாங்கம்மா, இந்திரா" என்றார்.

போர்வை இப்போது இந்திராவின் பள்ளிக்கூடத்தில் தொங்குகிறது. மிஷின் என் வீட்டுக்கு வந்திருக்கிறது. எனக்கு நேராக ஒரு கோடு தைக்கத் தெரியாது. கற்றுக்கொள்கிறேன். எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்பது மட்டும் தெரியும். வேணி மேடத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்.