பத்திரிகை வராத தாய்மாமன்

வெளிநாட்டிலிருந்து புடவை கேட்டுப் பேசுகிறவர்களிடம் 'எஸ், நோ' தாண்டி இரண்டு வார்த்தை பேச வேண்டுமே என்று, நாற்பத்தாறு வயதில் சின்ன காஞ்சிபுரத்தில் ஓர் ஆங்கில வகுப்பில் சேர்ந்தேன். போன தை மாதம் அங்கே வந்த சொல் 'அவுட்லாஸ்ட்'. ஒன்று முடிந்துபோன பிறகும் இன்னொன்று நிலைத்து நிற்பது, அதைவிட அதிக நாள் தாங்குவது என்று டீச்சர் விளக்கினார். ஆளுக்கொரு வாக்கியம் எழுதச் சொன்னார். பக்கத்தில் இருந்த பூக்கடைக்காரம்மா, தன் பழைய மிக்சி இரண்டு புது மிக்சிகளை அவுட்லாஸ்ட் செய்துவிட்டதாக எழுதினார். நான் எழுதியது, என் கோபம் இந்தப் புடவையை அவுட்லாஸ்ட் செய்யும் என்று. டீச்சர் டிக் போட்டார். எந்தப் புடவை என்று கேட்கவில்லை.

அக்கா மகனுக்குக் கல்யாணம். மணப்பெண்ணுக்கான முகூர்த்தப் புடவை என் தறியில் ஓடிக்கொண்டிருந்தது. உடல் அரக்கு, கரை பச்சை. இப்படி இரு நிறம் கோர்த்து நெய்ய இரண்டு பேர் வேண்டும். நடுவில் நான், வலது ஓரத்தில் கரைக்கான நூல் சுற்றிய நாடாவைத் தள்ள அக்கா. அடுத்த தெருவிலிருந்து தினமும் வருவாள். அந்த வாரங்களில் எங்கள் தெரு முழுக்க, திருப்புட்குழி சொந்தம் வரை, தாம்பூலத் தட்டோடு பத்திரிகை வைத்தாள். எனக்கு மட்டும் வைக்கவில்லை. முதல் பத்திரிகை தாய்மாமனுக்கு அல்லவா?

கேட்டு வாங்க மானம் இடம் கொடுக்கவில்லை. அழைக்காத கல்யாணத்துக்குப் போவதில்லை, சீரும் செய்வதில்லை என்று முடிவு கட்டினேன். வீம்பில் மற்றவர்களுக்கு அவள் வைத்த பத்திரிகையைக்கூட வாங்கிப் பார்க்கவில்லை. அக்காவிடம் பேச்சை நிறுத்தினேன். அது அவளுக்கு உறைத்ததாகவே தெரியவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிக்கொண்டிருந்தாள். எனக்கு இன்னும் எரிச்சல்.

முந்தானையில் ஒரு சாண் மிச்சமிருந்தபோது கை நின்றுவிட்டது. இது முடிந்தால் நாளையிலிருந்து அக்கா தறிக்கு வர வேண்டியதில்லை. நான் நோட்டில் எழுதியது உண்மையாகிவிடும். பயமாக இருந்தது.

"எனக்கு ஏன்க்கா பத்திரிகை வெக்கல?" என்றேன். குரல் சின்னப்பிள்ளையுடையது போல் வந்தது.

அவள் நாடாவை வைத்துவிட்டு, பையிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்துப் பிரித்து என் கையில் கொடுத்தாள். அக்கா வீட்டுக்காரர், மாமா, இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அழைப்பவர் என்ற இடத்தில் அவள் பெயருக்குப் பக்கத்தில் என் பெயர்.

"உன் பேரைப் போட்டுத்தான்பா ஊரையே கூப்ட்டுக்கினு இருக்கேன். உனக்கு யாரு வந்து பத்திரிகை வெக்கிறது?"

வெட்கம் ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம். கண் கலங்கிவிட்டது. அந்த ஒரு சாணை நெய்து முடித்தோம்.

பக்கத்து ஊர் கூரத்தில் பத்திரிகை வைக்க இன்னும் நான்கு வீடு பாக்கி என்றாள். வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். முதல் வீட்டில் அக்கா வாய் திறப்பதற்குள் தட்டை நான் நீட்டினேன்.

"எங்க வூட்டு கல்யாணம். குடும்பத்தோட வந்துடணும்."