சமோவாக்காரர் பிழிந்த முதற்பால்

ரொறன்ரோவில், எண்பதுகளின் நடுவில், சென் ஜேம்ஸ் ரவுண் மண்டபத்தில் நடந்த பல்கலாசார விழா மேடையில் சமோவாத் தீவினர் ஒருவரைக் கண்டேன். பேருருவினர், இடையில் பூத்துணி. சபை சிரித்தால் பொய்க்கோபம் காட்டுவார்.

"எங்கள் ஊரில் தேங்காய் திருவிப் பால் பிழிவது ஆண்களே," என ஆங்கிலத்தில் அறிவித்தார்.

"உவர் பிழிஞ்சா வெறுந் தண்ணிதான் வரும்," என்றாள் பெண்கள் வரிசையில் இருந்த என் மனைவி உரக்க. பெண்கள் சிரித்தனர்.

மொழி விளங்காவிடினும் அறைகூவல் அவருக்கு விளங்கிற்று. திருவிய தேங்காய்ப்பூவை நாரில் பொதிந்து முறுக்கினார். நீர் ஒரு துளியும் சேர்க்காமலே கட்டிப்பால் வழிந்தது. அதைச் சிரட்டையில் ஏந்தி அவளிடம் நீட்டினார்.

சுவைத்தவள் எழுந்தே நின்றாள். "அசல் முதற்பால்! எங்கடை ஆம்பிளையளுக்கு உது வராது!"

ஆரவாரம் ஓயுமுன் அவர் இறங்கிவந்து, தேங்காய் திருவிய தம் திருவலையை வெற்றிக் கேடயம்போல் என் மடியில் வைத்தார். அத்தனை ஆடவருள் அவள் கணவன் நானே என்று எவ்வாறு அறிந்தாரோ!